மருந்தும் அதன் வாகனமும்

மார்கழி மாதத்துப் பின்னிரவுகளில் பெங்களூரின் வெப்பநிலை 15, 16 பாகை செல்சியஸ் வரை இறங்கிவிடுவது சாதாரணம். அத்தகைய இரவொன்றில், வேறெதுவும் கலவாத தூய புரோபோஃபாலை ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டு ஜன்னலோரத்தில் வைத்தால், விடியுமுன் அது உறைந்து கட்டியாகிவிடக்கூடும். ஏனெனில் அதன் உருகுநிலை ஏறத்தாழ 19 பாகை. வெயில் ஏறியதும் அக்கட்டி இளகி எண்ணெயாகும். இன்று அந்நகரத்தில், 1900ஆம் ஆண்டு டிசம்பரில் கர்ஸன் பிரபு திறந்துவைத்த விக்டோரியா ஆஸ்பத்திரி முதற்கொண்டு நேற்று எழும்பிய தனியார் மருத்துவமனை வரையில், ரண சிகிச்சைக்குப் படுத்திருக்கும் நோயாளியை ஒரு நிமிஷத்துக்குள் நினைவிழக்கச் செய்வதற்கு மிகுதியும் கையாளப்படும் மருந்து இந்த எண்ணெய்தான் என்றாலும், அதை எண்ணெயாகவே கண்ட மயக்க மருந்து நிபுணரை அங்கே காண்பது அரிது. அவர்கள் அறிந்ததெல்லாம் பால்வெண்மையான ஒரு திரவத்தையே. அத்திரவத்தின் நூறு பங்கில் மருந்து ஒரு பங்கு. எஞ்சிய 99 பங்கும் மருந்தைச் சுமந்துசெல்லும் வாகனம். நோயாளிக்கு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்கையில், அந்த வாகனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் விஷயம்.

நம் நாட்டு வைத்திய சாஸ்திரங்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஒரே பஸ்பத்தைத் தேனில் குழைத்து ஒருவருக்கும், நெய்யில் குழைத்து மற்றொருவருக்கும், வெந்நீரில் கலந்து வேறொருவருக்கும் கொடுத்துவந்த சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள், அனுபானம் மாறினால் மருந்தின் வேகமும் போக்கும் மாறும் என்று கொண்டிருந்தனர். ஆனால் வாய்வழியே போகும் அனுபானத்துக்கு இரைப்பையும் குடலும் ஈரலும் காவலிருக்கின்றன. வேண்டாததைக் கழிக்கவும் மிகுந்ததைத் தாமதிக்கவும் அவற்றால் இயலும். இரத்தக் குழாயில் ஏற்றப்படும் மருந்துக்கு அத்தகைய காவல் ஏதும் இல்லை. ஊசிமுனையிலிருந்து புறப்பட்டது, கையின் சிரை வழியே இதயத்தின் வலப்புறம் சேர்ந்து, நுரையீரலைச் சுற்றிக்கொண்டு இடப்புறம் வந்து, கழுத்துத் தமனிகள் வழியே மூளையைத் தொடுவதற்கு அரை நிமிஷம் போதும். அவ்வரை நிமிஷத்தில் மருந்தோடு வாகனமும் இரத்தத்தில் முழுமையாகப் புகுந்துவிடுகிறது.

வாகனம் எதற்கு, மருந்தை மட்டும் செலுத்தினால் ஆகாதோ என்று கேட்கலாம். மூளையின் நுண்குழாய்களைச் சூழ்ந்த சுவர், கொழுப்பில் கரையும் பொருள்களுக்கே எளிதில் வழிவிடும் இயல்புடையது. ஆகவே நொடிகளில் மயக்க வேண்டிய மருந்து கொழுப்பை நாடுவதாக இருத்தல் அவசியம். இரத்தமோ பெரும்பகுதி நீர். நீரில் கரையாத எண்ணெயை அதில் அப்படியே ஊற்றினால், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு, நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்து, உயிருக்கே உலை வைத்துவிடும். மூளைக்குள் நுழைவதற்கு எந்தக் குணம் வேண்டுமோ அந்தக் குணமே இரத்தத்தில் பயணம் செய்வதற்குத் தடையாக நிற்கிறது. சிரை வழி மயக்க மருந்துகளின் சரித்திரத்தில் பெரும்பகுதி இந்தத் தர்மசங்கடத்திலிருந்து தப்புவதற்குக் கையாண்ட உபாயங்களின் சரித்திரமே.

முதலில் பெருவழக்காக நிலைத்த உபாயம் காரத்தைத் துணைகொள்வது. 1934இல் அமெரிக்காவில் ரால்ஃப் வாட்டர்ஸும் ஜான் லண்டியும் சில மாத இடைவெளியில் தனித்தனியே கையாளத் தொடங்கிய தயோபென்டோன், தன்னியல்பில் நீரில் கரையாத வலுவற்ற அமிலம். அதைச் சோடிய உப்பாக்கி, சிறிது சோடியம் கார்பனேட்டும் சேர்த்துப் பொடியாகக் குப்பியில் அடைத்து, வேண்டும்போது நீர் விட்டுக் கரைத்தால், கரைசலின் பி.எச். 10ஐத் தாண்டி நிற்கும். அந்தக் காரம் நீடிக்கும்வரை மருந்து கரைந்திருக்கும். இரத்தத்தில் கலந்து காரம் தணிந்ததும் மருந்தின் பெரும்பகுதி தன் பழைய கொழுப்பு விரும்பும் உருவத்தை அடைந்து மூளைக்குள் நுழையும். ஏற்பாடு சாமர்த்தியமானதுதான், ஆனால் ஊசி விலகிக் கரைசல் சதையில் பாய்ந்தால் புண்ணாகும், தவறித் தமனியில் பாய்ந்தால் படிகங்கள் அடைத்து விரல்கள் அழுகும். இந்த அபாயங்களைக் கண்ட பிறகுதான், முன்னர் 5 சதவிகிதமாகக் கரைத்துவந்தவர்கள் 2.5 சதவிகிதமாகக் குறைத்துக்கொண்டனர். உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் என்ற அளவு அப்படியே இருக்க, அதைத் தாங்கிய திரவம் இரட்டிப்பாயிற்று. பெங்களூரின் ஓசூர் சாலையில், 1974இல் இரண்டு நிறுவனங்களின் இணைப்பால் உருவான நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் மருத்துவ நிலையத்தில், மின்னதிர்வுச் சிகிச்சைக்கு முன் நோயாளிக்குச் சில நிமிஷத் தூக்கம் தருவதற்கு நெடுங்காலம் பயன்பட்டதும் இந்தத் தயோபென்டோனே. நூதன மருந்துகள் வந்த பிறகும் அதை முற்றிலும் ஒதுக்கிவிட முடியவில்லை.

இரண்டாவது உபாயம் கசப்பான அனுபவத்தில் முடிந்தது. ஆமணக்கெண்ணெயிலிருந்து ரசாயன முறையில் உண்டாக்கப்படும் கிரெமோஃபோர் என்னும் பொருள், எண்ணெய்த் தன்மையுள்ள மருந்துகளை நீரில் தெளிவாகக் கரையச் செய்யும். புரோபானிடிட் என்ற மருந்தும், 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வெளிவந்த அல்த்தெஸின் என்ற மருந்தும் இவ்வாறு கிரெமோஃபோரில் கரைக்கப்பட்டவை. இரண்டும் நல்ல மயக்க மருந்துகளே; ஆயினும் சில நோயாளிகளுக்கு ஊசி போட்ட சில நிமிஷங்களுக்குள் உடல் சிவந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, மூச்சுக்குழல் இறுகும் கடுமையான ஒவ்வாமை கண்டது. பழி வாகனத்தின்மேல் விழுந்தது; தண்டனை மருந்துக்கும் சேர்த்தே கிடைத்தது. 1984இல் அல்த்தெஸின் மனித வைத்தியத்திலிருந்து விலக்கப்பட்டது.

புரோபோஃபாலும் இந்த வழியிலேயே சென்று மடிந்திருக்க வேண்டியது. ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில், கால்நடை மருத்துவம் பயின்ற இயன் கிளென் என்பவரும் அவருடைய சகாக்களும் 1973இல் எலிகளிடத்தில் இதன் குணத்தைக் கண்டறிந்தனர். பினால் வகையைச் சேர்ந்த இந்த எளிய பொருள், கிரெமோஃபோரில் கரைக்கப்பட்டு 1977இல் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டது. மயக்கம் இனிதாக வந்தது, தெளிவும் விரைவில் வந்தது, கூடவே அந்தப் பழைய ஒவ்வாமையும் வந்தது. பரிசோதனை நிறுத்தப்பட்டது. வேறொரு கம்பெனியாயிருந்தால் கணக்கை அத்துடன் முடித்திருக்கும். கிளென் குழுவினர் மருந்தை விடாமல் வாகனத்தை மாற்ற முற்பட்டு, அன்றைக்குப் பட்டினி கிடக்கும் நோயாளிகளுக்குச் சத்துக்காகச் சிரை வழியே ஏற்றப்பட்டுவந்த சோயா எண்ணெய்ப் பால்மத்தில் கருத்தைச் செலுத்தினர். அவ்வாறு அமைந்த வெண்மையான மருந்து, டிப்ரிவான் என்ற பெயரில் 1986இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 2018இல் கிளெனுக்கு லாஸ்கர் விருது கிடைத்தபோது உலகம் மருந்தைத்தான் புகழ்ந்தது; பாதிப் புகழ் சோயா எண்ணெய்க்கு உரியது என்பது என் எண்ணம்.

அந்தப் பால்மத்தின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நூறு மில்லிலிட்டரில் 1 கிராம் புரோபோஃபால், 10 கிராம் சோயா எண்ணெய், 1.2 கிராம் முட்டை மஞ்சட்கருவிலிருந்து எடுத்த லெசித்தின், 2.25 கிராம் கிளிசரால், மீதம் நீர். மருந்து எண்ணெயில் கரைந்திருக்கிறது. எண்ணெய், மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள கோடானுகோடித் துளிகளாகச் சிதறடிக்கப்பட்டிருக்கிறது. லெசித்தின் ஒவ்வொரு துளியையும் சூழ்ந்து நின்று, அதன் புறத்தில் எதிர்மின்னூட்டத்தை உண்டாக்குவதால் துளிகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. கிளிசரால், திரவத்தின் செறிவை இரத்தத்தின் செறிவுக்கு ஈடாக்குகிறது. முட்டை தொடாத குலத்தினர் பெங்களூரில் ஏராளம். தங்கள் உடம்பில் மஞ்சட்கருவின் சாரம் ஏறியது அவர்களுள் பெரும்பாலோருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வெண்கருவின் புரதங்களால் வருவதென்பதால், வைத்தியர்களுக்கு இதில் அதிகக் கவலை இல்லை.

துளிக்குள் இருக்கும் மருந்து வெளியே வந்தால்தான் வேலை செய்யும். பால்மத்திலும் மருந்து முழுவதும் எண்ணெய்க்குள் அடங்கியிருப்பதில்லை. மிகச் சொற்பமான ஒரு பகுதி, துளிகளுக்கு இடையிலுள்ள நீரில் தனித்துக் கரைந்திருக்கிறது. அந்தச் சொற்பப் பகுதியே, ஊசி ஏறும்போது நோயாளி முகம் சுளித்துக் கையை இழுத்துக்கொள்வதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது; முன்னெச்சரிக்கை ஏதும் செய்யாவிட்டால் பத்துப் பேரில் ஆறு பேருக்கு இந்த எரிச்சல் உண்டாகிறது. எண்ணெயின் இயல்பை மாற்றினால் நீரில் தங்கும் மருந்தின் அளவும் மாறும். சோயா எண்ணெயின் நீண்ட கொழுப்புச் சங்கிலிகளோடு, நடுத்தர நீளமுள்ள கொழுப்புகளைப் பாதிக்குப் பாதி கலந்து ஜெர்மானியக் கம்பெனியொன்று தயாரித்த பால்மத்தில் அது குறைந்தது, எரிச்சலும் குறைந்தது. கொரியாவில் இதற்கு நேர்மாறாக, எண்ணெயை அறவே நீக்கி, வேறு ரசாயனங்களின் துணையால் கண்ணாடியெனத் தெளிந்த நுண்பால்மம் ஒன்றைச் செய்து பார்த்தனர். கொழுப்பு போயிற்று, எரிச்சல் மிகுந்தது. பெங்களூரின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் மயக்கவியலில் முதுநிலைப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்கள், எந்தப் பால்மத்தில் வலி குறைவு, வலியைத் தணிக்க எது முன்னதாகக் கொடுக்கத் தக்கது என்று ஒப்பிட்டு எழுதிய ஆய்வேடுகள் பல. வலி என்பது உடனே காணக்கூடியது, எண்ணக்கூடியது. இளம் ஆய்வாளர்களை அது ஈர்ப்பதில் வியப்பில்லை. காணக் கடினமானது அளவில் நேரும் மாறுதல்.

அளவைப் பற்றிய பாடம் எளிமையாகவே தொடங்குகிறது. ஆரோக்கியமுள்ள நடுவயதினருக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம், முதியவர்க்கு அதிலும் குறைவு, குழந்தைகளுக்கு அதிகம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் 120 மில்லிகிராம், அதாவது ஒரு சதவிகிதத் திரவத்தில் 12 மில்லிலிட்டர். ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று யோசிக்க வேண்டும். அவை தூய புரோபோஃபாலைக் கொடுத்துக் கண்டறிந்தவை ஆகா; குறிப்பிட்ட ஒரு பால்மத்தைக் கொடுத்துக் கண்டறிந்தவை. வாகனத்தின் செல்வாக்கு அந்த எண்களுக்குள்ளேயே புதைந்திருக்கிறது.

அந்தச் செல்வாக்கைத் தோண்டி எடுத்துக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1997இலும் 1998இலும் தத்தா, எப்ளிங் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுகளில், எலிகளில் ஒரு பகுதிக்குப் பால்மமாகவும், மற்றொரு பகுதிக்குக் கொழுப்பில்லாத கரைசலாகவும் புரோபோஃபால் செலுத்தப்பட்டது. மூளையின் மின்னலைகளைக் கொண்டு மயக்கத்தின் ஆழம் அளக்கப்பட்டது. அதே ஆழத்தை எட்டுவதற்குக் கொழுப்பில்லாத கரைசலில் அதிக மருந்து தேவைப்பட்டது. காரணத்தைத் தேடியபோது நுரையீரலில் அகப்பட்டது. எண்ணெயின் பிடிப்பின்றித் தனித்து வரும் மருந்தை நுரையீரல் தன் திசுக்களில் வாரிக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல விடுவிக்கிறது. ஆகவே மயக்கம் தாமதித்து வந்து, வந்தபின் எதிர்பாராமல் ஆழ்ந்தும் போகக்கூடும். பால்மத்தின் துளிகள் மருந்தை நுரையீரலிடம் முழுவதும் பறிகொடுத்துவிடாமல் கடத்திச் செல்கின்றன. மருந்தைக் கரைப்பதற்கென்று மட்டும் சேர்க்கப்பட்ட எண்ணெய், அதன் அளவைக் குறைக்கும் வேலையையும் ஒருவரும் கேட்காமலே செய்துவந்திருக்கிறது. எலியின் கணக்கை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவது கூடாது. எனினும், எண்ணெயை நீக்கிவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று எண்ணியவர்களுக்கு அது தகுந்த எச்சரிக்கை.

வாகனத்தையே துறந்துவிட முயன்ற ஒரு முயற்சியும் உண்டு. புரோபோஃபாலின் மூலக்கூறோடு பாஸ்பேட்டுத் தொகுதியொன்றை இணைத்து, நீரில் தாராளமாகக் கரையும் ஃபாஸ்புரோபோஃபால் என்ற மருந்தை உண்டாக்கினர். 2008 டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. எண்ணெய் இல்லை, லெசித்தின் இல்லை, கையில் எரிச்சலும் இல்லை. ஆனால் உடம்பில் உள்ள ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி அந்தப் பாஸ்பேட்டை வெட்டியெறிந்த பின்னரே புரோபோஃபால் பிறக்கும். ஆகையால் அரை நிமிஷத்தில் வரவேண்டிய மயக்கம் பல நிமிஷங்களுக்குத் தள்ளிப்போயிற்று. 1.86 மில்லிகிராம் கொடுத்தால்தான் உள்ளே 1 மில்லிகிராம் புரோபோஃபால் விளையும்; கிலோவுக்கு 6.5 மில்லிகிராம் என்று புதிய அளவு வகுக்க நேர்ந்தது, அதுவும் முழு மயக்கத்துக்கு ஆகாமல் சிறு பரிசோதனைகளுக்கு வேண்டிய இலேசான உறக்கத்துக்கு. கையில் இல்லாத எரிச்சல், பலருக்குத் தொடையிடுக்கில் குறுகுறுப்பாகத் தோன்றியது. சந்தையில் அது நிலைக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே சூத்திரத்தின்படி பல கம்பெனிகள் செய்யும் சோயா எண்ணெய்ப் பால்மங்களுக்கு இடையே வித்தியாசம் இருப்பினும், ஒரு நோயாளிக்கும் மற்றொரு நோயாளிக்கும் இடையே காணும் வித்தியாசம் அதைவிடப் பன்மடங்கு பெரிது. எழுபது வயதுக் கிழவருக்கும் இருபது வயது இளைஞருக்கும், இரத்தம் இழந்தவருக்கும் இழக்காதவருக்கும், அபின் வகை வலிநிவாரணி முன்னதாகப் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் தேவை வெவ்வேறாகும். ஆகவே நல்ல மயக்க மருந்து நிபுணர், எழுதிவைத்த எண்ணைத் துணையாகக் கொண்டு, கண் இமை அசைகிறதா, கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சிறுகச் சிறுகவே செலுத்துகிறார். நெற்றியில் ஒட்டிய மின்முனைகளிலிருந்து மூளையலைகளைப் படித்து, 40க்கும் 60க்கும் நடுவே எண் நிற்கும்படி மருந்தை ஏற்றி இறக்கும் கருவியும் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. கம்பெனி மாறியதால் நேரக்கூடிய சிறிய வேறுபாடு இந்தக் கவனத்தில் கரைந்துபோகிறது. மனிதனின் கை பால்மத்தைக் கலைக்கும்போதுதான் அது கரையாமல் நிற்கிறது.

இங்கே பெங்களூருக்கே உரிய ஒரு சங்கதியைச் சொல்ல இடம் உண்டு. சுவீடன் நாட்டில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உண்டாக்கி, அஸ்ட்ரா கம்பெனி 1948இல் சைலோகெய்ன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்த லிக்னோகெய்ன், மரத்துப்போகச் செய்யும் மருந்துகளில் தலையாயது. அந்த அஸ்ட்ராவின் இந்தியக் கிளையான அஸ்ட்ரா-ஐ.டி.எல். 1979இல் பெங்களூரில் நிறுவப்பட்டது; அதன் பெயர் பொறித்த சைலோகெய்ன் குப்பிகளை அறியாத டாக்டர் அக்காலத்தில் இந்தியாவில் இல்லை எனலாம். மறுபுறம், டிப்ரிவானைத் தந்த ஐ.சி.ஐ.யின் மருந்துப் பிரிவு 1993இல் ஜெனிகா என்று தனித்துப் பிரிந்து, 1999இல் அதே அஸ்ட்ராவுடன் இணைந்தது. ஆக, எரிக்கும் மருந்தும் எரிச்சலைத் தணிக்கும் மருந்தும் ஒரே கூரையின்கீழ் வந்து, அக்கூரையின் இந்தியப் பகுதி பெங்களூரிலேயே அமைந்தது. 2016இல் தன் மயக்க மருந்துகளை அமெரிக்கா நீங்கலான நாடுகளில் விற்கும் உரிமையைத் தென்னாப்பிரிக்கக் கம்பெனியொன்றுக்கு அது மாற்றிக் கொடுக்கும்வரை இந்தச் சம்பந்தம் நீடித்தது.

கம்பெனிகளின் விவாகம் எளிதில் நடந்தது. ஊசிக்குழலுக்குள் அவ்விரு மருந்துகளின் விவாகம் அத்தனை எளிதாக இல்லை. எரிச்சலைத் தணிக்கும்பொருட்டுப் புரோபோஃபாலோடு லிக்னோகெய்னைக் கலந்து செலுத்துவது உலகெங்கும் பழகிப்போன வழக்கம். துளிகளை விலக்கி நிறுத்துவது அவற்றின் எதிர்மின்னூட்டம் என்று முன்பு கண்டோம். லிக்னோகெய்னோ ஹைட்ரோகுளோரைடு உப்பாக வருவது, அதன் அயனி நேர்மின்னூட்டம் உடையது. சேர்த்த அளவு மிகுந்தால் விலக்கும் சக்தி தளர்ந்து, துளிகள் இரண்டு ஒன்றாகி, நான்கு ஒன்றாகிப் பருக்கத் தொடங்கும். 20 மில்லிலிட்டரில் 40 மில்லிகிராம் கலந்து வைத்த ஆய்வாளர்கள், அரை மணி நேரத்திலேயே 5 மைக்ரானைத் தாண்டிய துளிகளையும், சில மணி நேரத்தில் மேலே திரண்ட எண்ணெய்ப் படலத்தையும் கண்டிருக்கின்றனர். ஐந்து மைக்ரான் என்பது நுரையீரல் நுண்குழாயின் அகலத்தோடு ஒப்பிடத்தக்கது. அமெரிக்க மருந்து நூல், ஒரு பால்மத்திலுள்ள கொழுப்பில் 0.05 சதவிகிதத்துக்கு மேல் அத்தகைய பெருந்துளிகளாக இருத்தலாகாது என்று விதித்திருப்பது இதனால்தான். எண்ணெய் மேலே திரளும்போது மருந்தும் அதனோடு போய்விடுவதால், அடியிலிருந்து செலுத்தும் 12 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் இருக்கும் என்ற கணக்கும் பொய்த்துப்போகும். கலப்பதாயின் குறைந்த அளவில், செலுத்துவதற்குச் சற்று முன்பாகக் கலக்க வேண்டும். இதைவிடச் சிறந்தது, கையில் ரப்பர்ப் பட்டையைக் கட்டி முதலில் லிக்னோகெய்னை மட்டும் சிரையில் ஒரு நிமிஷம் தங்கவைத்துவிட்டு, பட்டையை அவிழ்த்துப் புரோபோஃபாலைச் செலுத்துவது. பட்டை கட்ட ஒரு நிமிஷம் பிடிக்கும். நாளொன்றுக்கு இத்தனை சிகிச்சை என்று ஓடும் அரங்குகளில் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் பஞ்சம்.

எண்ணெயும் மஞ்சட்கருவும் கலந்த திரவம் கிருமிகளுக்கும் விருந்தாகும். 1990 முதல் 1993 வரை அமெரிக்காவில் ஏழு ஆஸ்பத்திரிகளில் 62 நோயாளிகளுக்கு ரண சிகிச்சைக்குப் பின் நோய்த்தொற்று கண்டதை ஆராய்ந்தபோது, பால்மத்தைச் சுத்தமின்றிக் கையாண்டதும், திறந்த குப்பியை நெடுநேரம் வைத்துப் பலருக்குப் பகிர்ந்ததும் வெளிப்பட்டன. அதன்பின் 1996இல் இ.டி.டி.ஏ. என்ற பொருள் கிருமிகளின் வளர்ச்சியைத் தாமதிப்பதற்காக டிப்ரிவானில் சேர்க்கப்பட்டது. போட்டிக் கம்பெனியொன்று சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டைச் சேர்த்தது. முன்னதன் பி.எச். 7க்கு மேல், பின்னதன் பி.எச். 4.5 முதல் 6.4 வரை. பெயர் ஒன்று, சதவிகிதம் ஒன்று. ஆனால் எதனோடு கலந்தால் உடையும், எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில் இரண்டும் வேறு. சிக்கனம் கருதி ஒரு பெரிய குப்பியை மூவருக்குப் பகிரும் வழக்கம் நம் நாட்டில் அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. குப்பியை 25 பாகைக்கு மேற்படாமலும் உறையவிடாமலும் வைக்க வேண்டும் என்ற விதியில் மட்டும் பெங்களூர்வாசிகளுக்கு இயற்கை ஓரளவு கைகொடுக்கிறது. சித்திரை வெயிலில் சென்னை ஆஸ்பத்திரிக் கிடங்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஒருமுறை ஊசி போடுவதோடு முடியாமல், மணிக்கணக்கில் மருந்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டிய இடங்களில் வாகனத்தின் பாரமும் கணக்கில் ஏறும். நிம்ஹான்ஸில் நடப்பது போன்ற மூளை ரண சிகிச்சைகள் ஆறு மணி நேரம் நீடிப்பது அதிசயமன்று. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குக் கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம் ஆறு மணி நேரம் செலுத்தினால், 216 மில்லிலிட்டர் பால்மம் உள்ளே போகிறது, அதனுடன் 21.6 கிராம் சோயா எண்ணெய், சுமார் 240 கலோரி. ஆரோக்கியமான உடம்பு இதை எரித்துவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் மயக்கத்தில் வைக்கப்படுபவரின் இரத்தத்திலோ கொழுப்பு தேங்கும். அதனாலேயே அங்கே இரத்தக் கொழுப்பை அவ்வப்போது சோதிக்கின்றனர். இந்தப் பாரத்தைப் பாதியாக்குவதற்காக வந்ததுதான் 2 சதவிகிதப் பால்மம்: அதே எண்ணெயில் இரு மடங்கு மருந்து.

ஆனால் 1 சதவிகிதமும் 2 சதவிகிதமும் கண்ணுக்கு ஒன்றே. இரண்டும் அதே வெண்மை. இரத்தத்தில் மருந்தின் செறிவு இன்ன அளவில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், வயதையும் எடையையும் கொண்டு தானே கணக்கிட்டுச் செலுத்தும் பம்பு 1996இல் டிப்ரிஃப்யூசர் என்ற பெயரில் வெளிவந்தபோது, அதை அமைத்தவர்கள் இந்த அபாயத்தை உணர்ந்து, நிரப்பி வரும் ஊசிக்குழலிலேயே மின்னணு அடையாளமொன்றைப் பதித்திருந்தனர். உள்ளே இருப்பது 1 சதவிகிதமா, 2 சதவிகிதமா என்பதைப் பம்பு தானே படித்துக்கொள்ளும், அடையாளமில்லாத குழலை ஏற்காது. அந்தக் குழல்களின் விலை அதிகம். எந்தக் கம்பெனியின் மருந்தையும் எந்தக் குழலிலும் நிரப்பிப் பயன்படுத்த இடந்தரும் பம்புகள் பின்னால் வந்தன, இன்று எங்கும் வழங்குபவை அவையே. குழலுக்குள் எத்தனை சதவிகிதம் இருக்கிறது என்பதை அவை அறிவதில்லை. ஒவ்வொரு முறையும் திரையில் அதைக் கேட்டுவிட்டு, ஒருவர் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கின்றன.